ரீபோர் செய்த மொரிஸ் மைனர் எஞ்சின் இவ்வளவு சீக்கிரம் ஏன் தேய்ந்தது?

உப்புவெளி மைனர்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1963 மொரிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களுக்குக் கேட்டதுதான் விலை என்று ஆகிவிட்டது தெரியும்தானே, நானும் எஞ்சின் நல்லது என்று நம்பித்தான் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கினேன். விற்றவர் லேத் கடை பில்லையும் காட்டினார். ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவது), 020 பிஸ்டன் (0.020 அங்குலம் பெரியது), புது பிஸ்டன் ரிங், புது பெயாரிங், எல்லாம் அதில் இருக்கிறது. அந்த வேலைக்குப் பிறகு கார் ஒன்பதாயிரம் மைல்கூட ஓடவில்லை.

இப்போது நீலப் புகை. 500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடிக்கிறது. 3ஆம், 4ஆம் பிளக்குகள் ஒயிலில் நனைந்து வருகின்றன. ஒயில் பிரஷர் மட்டும் மோசமில்லை, சூட்டில் ஓடும்போது 50 பிஎஸ்ஐ, ஸ்லோவில் 20. பாவிக்கும் ஒயில் 20டபிள்யூ-50. ஒரு கராஜில் காட்டினேன், கேட்டதுமே "ரிங் போச்சு, திரும்ப ரீபோர் அடிப்பம்" என்றார்கள். ரிங் போனது சரி, ஏன் போனது என்று கேட்டால் பதில் இல்லை. அது தெரியாமல் இன்னொரு தடவை காசு கொட்ட மனமில்லை.

உவர்மலை 404:

தம்பி, முதலில் ரிங்கா வால்வ் கைடா (வால்வின் தண்டு ஓடும் குழல்) என்று பிரிப்போம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு எங்கள் உவர்மலை இறக்கத்தில் கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு இறங்குங்கள். கீழே வந்து மிதிக்கிற நேரத்தில் பின்னால் குப்பென்று ஒரு புகை வந்து பிறகு தெளிந்துவிட்டால் கைட். ஏற்றத்திலும் பாரத்திலும் மிதித்திருக்கும் நேரம் முழுக்கப் புகைத்தால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

அப்புறம் கொம்பிரஷன் எடுங்கள். நாலு பிளக்கையும் கழற்ற வேண்டும், கொயில் வயரையும் கழற்றிவிட வேண்டும், பற்றரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும், இன்னொருவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். உங்களுடையது எஸ்யூ காபரேட்டர், அதனால் அதற்குள் இருக்கும் பிஸ்டனையும் விரலால் மேலே தூக்கிப் பிடித்திருப்பது நல்லது, இல்லையென்றால் காற்று தாராளமாகப் போகாமல் நாலும் குறைவாகக் காட்டி ஆளைப் பயமுறுத்தும். எஞ்சின் இலக்கத்தையும் பாருங்கள். 10எம்ஏ என்று தொடங்கினால் 1098தான், அதில் வரும் எச் என்ற எழுத்து உயர் கொம்பிரஷன், எல் என்றால் தாழ்ந்தது. எச் என்றால் 8.5க்கு 1, எல் என்றால் 7.5க்கு 1. ஆகவே ஒருவருடைய எஞ்சின் 140 பிஎஸ்ஐ காட்டுகிறது, இன்னொருவருடையது 160 காட்டுகிறது என்று ஒப்பிடுவதில் பிரயோசனம் இல்லை. உங்கள் எஞ்சினின் நாலு சிலிண்டருக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் விஷயம்.

கிண்ணியா காக்கா:

எனக்குத் தெரிந்தவரை குற்றம் ஒயிலில். இப்போது வரும் ஒயிலில் சிங்க் குறைத்துவிட்டார்கள், பழைய எஞ்சினுக்கு அது கட்டாயம் வேண்டும். என் ஒஸ்டின் கேம்பிரிட்ஜில் கேம் தேய்ந்ததற்கும் அதுதான் காரணம் என்று சொன்னார்கள்.

உவர்மலை 404:

காக்கா, சிங்க் சேர்ப்பது வால்வைத் திறக்கும் கேமையும் டெப்பட்டையும் காப்பாற்றத்தான். இரும்பும் இரும்பும் பெரிய அழுத்தத்தில் உரசும் இடம் அது. உங்கள் கேம் விஷயத்தில் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் இவருக்குப் போயிருப்பது ரிங் என்றால் அந்தக் கணக்கு பொருந்தாது. இன்னொன்று, ஏபிஐ எஸ்என் போன்ற தரங்களில், சிங்க் சேர்மானத்தோடு சேர்ந்தே வரும் பொசுபரசு 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிற எல்லை 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஒயில்களுக்குத்தான். 20டபிள்யூ-50க்கு அந்த எல்லை இல்லை. எந்த இழையைத் திறந்தாலும் ஒயில் சண்டையில்தான் போய் முடிகிறது, இதையாவது அதிலிருந்து காப்பாற்றுவோம்.

உப்புவெளி மைனர்:

அண்ணே, செய்து பார்த்தேன். இலக்கத்தில் எச் இருக்கிறது. புகை மிதித்திருக்கும் நேரம் முழுக்க வருகிறது, இறக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கொம்பிரஷன் இப்படி: ஒன்று 158, இரண்டு 155, மூன்று 108, நான்கு 102.

அலஸ்தோட்டம் ஆனந்தன்:

3ம் 4ம் பக்கத்துப் பக்கத்தில், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு விழுந்திருக்கின்றன. ஹெட் கஸ்கட் அந்த இரண்டுக்கும் நடுவில் போயிருக்கும், இதுக்குப்போய் எஞ்சினைப் பிரிக்காதீர்கள். ஹெட்டைத் தூக்கிக் கஸ்கட் மாற்றுங்கள், ஒரு நாள் வேலை.

உவர்மலை 404:

நல்ல யோசனைதான், ஆனால் ஒயில் ஏன் எரிகிறது என்பதற்கு அது பதில் சொல்லவில்லை. ஹெட்டைத் தூக்குவதற்கு முன் சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் பிளக் ஓட்டையால் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். ரிங் இடுக்கை ஒயில் அடைப்பதால் அளவு ஏறினால் தேய்மானம் ரிங்கிலோ சிலிண்டரிலோ. ஏறாவிட்டால் வால்வ் அல்லது கஸ்கட். அளவாக விடுங்கள், கூட விட்டால் ஒயிலே இடத்தைப் பிடித்துக்கொண்டு பொய்யாக ஏற்றிக் காட்டும்.

உப்புவெளி மைனர்:

ஒயில் விட்ட பிறகு 165, 163, 145, 142.

உவர்மலை 404:

அப்படியென்றால் ரிங்கும் சிலிண்டரும்தான். கஸ்கட்டை மறந்துவிடலாம். காரணத்துக்கு வருவோம்.

சீனக்குடா டைனமோ:

ஒரு கேள்வி, தெர்மோஸ்டட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வ்) இருக்கிறதா? இங்கே பாதிக் கராஜில் முதல் வேலை அதைக் கழற்றி எறிவதுதான், சூடான ஊருக்கு அது எதற்கு என்பார்கள். எஞ்சின் 80 பாகை அளவில் ஓட வேண்டியது 55, 60இல் ஓடினால் பெற்றோல் முழுக்க ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு போகும், எரிந்ததில் வரும் நீராவி சுவரில் குளிர்ந்து அமிலமாகும், தேய்மானம் பல மடங்கு கூடும். உப்புவெளியிலிருந்து டவுனுக்கு வந்து போகிற மாதிரிச் சின்ன ஓட்டம் என்றால் இன்னும் மோசம், எஞ்சின் சூடாகும் முன்னமே நிறுத்திவிடுகிறோம். ஒயில் கம்பியை முகர்ந்து பாருங்கள், பெற்றோல் மணக்கிறதா?

அலஸ்தோட்டம் ஆனந்தன்:

பெற்றோல் பம்ப் டயப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிந்தாலும் சம்புக்குள் (எஞ்சின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டி) பெற்றோல் இறங்கும். அதையும் பாருங்கள்.

சீனக்குடா டைனமோ:

எஞ்சின் பக்கத்தில் கேமால் ஓடும் மெக்கானிக்கல் பம்புக்குத்தான் அந்தப் பிரச்சினை. மைனரில் இருப்பது எஸ்யூ மின்சாரப் பம்ப், பொனட்டுக்குள் பின் சுவரில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அதன் டயப்ரம் கிழிந்தால் வெளியே ஒழுகுமே தவிர சம்புக்குப் போக வழி இல்லை.

உப்புவெளி மைனர்:

திறந்து பார்த்தேன், தெர்மோஸ்டட் இருந்த இடம் வெறுமை. ஒயிலில் பெற்றோல் மணம் இலேசாக இருக்கிறது. காரணம் இதுதான் போல.

சாம்பல்தீவு லேத்:

கொஞ்சம் பொறுங்கள். தெர்மோஸ்டட் கட்டாயம் போட வேண்டும், அதில் விவாதமே இல்லை. ஆனால் குளிரில் ஓடிய எஞ்சின் நாலு சிலிண்டரையும்தான் தின்னும். உங்கள் 1ம் 2ம் கிட்டத்தட்டப் புதுசு மாதிரி இருக்கின்றன. கெட்ட ஒயில் என்றாலும் நாலுக்கும் பொதுதான். ஏர் பில்ட்டர் சரியில்லை, தூசி போகிறது என்றால் அதுவும் நாலுக்கும் பொதுதான், ஏனென்றால் இருப்பது ஒரே காபரேட்டர். எதைச் சொன்னாலும், 3க்கும் 4க்கும் மட்டும் ஏன் என்று கேட்டு அதில் தேறுகிறதா என்று பாருங்கள்.

ஏ சீரிஸ் எஞ்சினின் ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு இன்லெட் வாய் இரண்டுதான். 1ம் 2ம் ஒரு வாயைப் பங்குபோடுகின்றன, 3ம் 4ம் மற்றதை. இந்தப் பங்குதான் உங்கள் அளவுகளிலும் தெரிகிறது. ஆகவே காபரேட்டருக்குப் பிறகு, மேனிபோல்டில் பின் வாய்க்குப் போகும் கிளையில் எங்கேயோ ஏதோ உள்ளே வருகிறது. மேனிபோல்ட் கஸ்கட், ஒரு வெடிப்பு, யாராவது துளை போட்டு மாட்டிய குழாய், இதில் ஒன்றுதான். பிளக்குகளின் நிறத்தைச் சொல்லுங்கள், ஒயிலைத் துடைத்துவிட்டு நடுப் பீங்கானைப் பார்த்து.

உப்புவெளி மைனர்:

1, 2 கரிக் கறுப்பு, உலர்ந்த புகைக்கரி. 3, 4 துடைத்த பிறகு பீங்கான் வெள்ளைப் பக்கம். குழாய் என்று கேட்டதால் பார்த்தேன், மேனிபோல்டின் பின் கிளையில் ஒரு பித்தளை நிப்பிள் இருக்கிறது. அதிலிருந்து ரப்பர் ஹோஸ் பிரேக் சேர்வோவுக்குப் போகிறது. முன்பு வைத்திருந்தவர் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டு, தனிச் சேர்வோ ஒன்றையும் சேர்த்திருக்கிறார். அது முன் இடது சக்கரத்துக்குப் பின்னால், தகட்டுக்கு அந்தப் பக்கம் சக்கரக்கூட்டில் கிடக்கிறது.

சாம்பல்தீவு லேத்:

சக்கரக்கூட்டிலா! இப்போது விளங்குகிறது. இந்த வகைச் சேர்வோவில் பிரேக் மிதிக்காதபோது டயப்ரத்தின் இரண்டு பக்கமும் வெற்றிடம் இருக்கும். மிதித்தால் ஒரு பக்கத்துக்கு வெளிக்காற்றைத் திறந்துவிடும், அந்த வித்தியாசம்தான் பிரேக்கைத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் அந்தக் காற்று முழுவதும் மேனிபோல்டுக்கு, அங்கிருந்து எஞ்சினுக்குப் போகும். அதற்கென்று ஒரு சின்னப் பில்ட்டர் உண்டு. அது இருக்கிறதா என்று பாருங்கள். காற்று வால்வ் சரியாக மூடாவிட்டால் பிரேக் மிதிக்காதபோதும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

எஞ்சினை ஸ்லோவில் விட்டு அந்த ஹோஸை நசுக்கிப் பிடியுங்கள்.

உப்புவெளி மைனர்:

நசுக்கியதும் ஸ்லோ இறங்கி, குலுங்கி நிற்கப் பார்த்தது. ஒழுக்கு இருந்தால் நசுக்கும்போது எஞ்சின் நன்றாக ஓட வேண்டும் அல்லவா, இது மறுபக்கமாக இருக்கிறதே?

சாம்பல்தீவு லேத்:

ஒழுக்கோடு ஓட்டுவதற்கென்று யாரோ காபரேட்டரின் கீழ் நட்டை இறக்கிப் பெற்றோலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் 1, 2 கரி பிடித்திருக்கின்றன, ஒயிலில் பெற்றோல் மணக்கிறது. 3, 4க்கு அந்தக் கூடுதல் பெற்றோல் போயும்கூட, ஒழுக்குக் காற்றால் பீங்கான் வெளுத்துத்தான் இருக்கிறது. நீங்கள் காற்றை அடைத்ததும் எல்லாமே பெற்றோலில் மூழ்குகிறது. நசுக்கினால் எந்த மாற்றமும் இல்லாமல் இருப்பதுதான் நல்ல சேர்வோ.

ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள்.

உப்புவெளி மைனர்:

மணல்! பொடி மாதிரி, கறுப்பும் பழுப்புமாய், ஒயில் ஈரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. சேர்வோவில் பில்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் மூடி மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் காந்தம் வைத்தால் கறுப்புத் துகள்கள் எழும்பி ஒட்டுகின்றன. அப்படியென்றால் இது எஞ்சின் தேய்ந்த இரும்புத் தூள் இல்லையா? மேனிபோல்டுக்கு முன்னால் இருக்கும் ஹோஸுக்குள் அது எப்படி வரும்?

புல்மோட்டைக்காரன்:

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் அடிக்கடி ஓடுவீர்களா? அது எங்கள் ஊர்க் கறுப்பு மணலாக இருக்கும். புல்மோட்டையில் அரசாங்கம் அள்ளி விற்கிற மணலில் பெரும்பகுதி இல்மனைட், அதோடு ரூட்டைல், சிர்கன், கொஞ்சம் மக்னடைட். இந்தக் கரை நெடுக அங்கங்கே கறுப்புக் கோடாகக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். மக்னடைட் எந்தக் காந்தத்திலும் ஒட்டும். இல்மனைட்டுக்குக் கொஞ்சம் பலமான காந்தம் வேண்டும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எடுத்தது போதும். அதனால் காந்தத்தில் ஒட்டியதெல்லாம் எஞ்சின் இரும்பு என்று முடிவுகட்ட முடியாது. கண்ணாடி வைத்துப் பாருங்கள். எஞ்சினிலிருந்து வந்த தூள் செதிலாக, நீட்டாக, வெட்டின பக்கம் மினுங்கும். மணல் உருண்டு திரண்டு மொத்தையாக இருக்கும். ஒட்டாமல் கிடப்பதையும் பாருங்கள், அதில் கண்ணாடி மாதிரி இருப்பது குவார்ட்ஸ். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, சிர்கன் 7.5. வார்ப்பிரும்பு அதற்கு முன்னால் நிற்காது.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சக்கரக்கூட்டுக்குள் என்ன பறக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உப்புவெளி மைனர்:

உருண்டைதான். பிள்ளையின் பள்ளிக்கூட உருப்பெருக்கியில் பார்த்தேன், தெளிவாகத் தெரிகிறது. இறக்கக்கண்டிப் பக்கம் வேலை விஷயமாக அடிக்கடி போவேன், விற்றவரும் அந்தக் கரையில் இருந்தவர்தான்.

கிண்ணியா காக்கா:

சேர்வோ விஷயம் நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் அதுதான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். ரீபோர் செய்த பிறகு சரியாகக் கழுவாத எஞ்சின்களும் இப்படித்தான் போகும். சிலிண்டரை ஹோன் பண்ணும் கல்லின் பொடி இரும்பின் துளைகளுக்குள் ஏறி நிற்கும், பெற்றோலாலோ டீசலாலோ கழுவினால் அது போகாது, சூடான சவர்க்காரத் தண்ணீரும் பிரஷும் போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி அழுக்காகாத வரைக்கும் கழுவ வேண்டும். எத்தனை பேர் செய்கிறார்கள்?

சாம்பல்தீவு லேத்:

காக்கா சொல்வது நியாயம். பிரித்தால் அதற்கும் பதில் கிடைக்கும். காற்றோடு வந்த மணல் மேலிருந்து வரும். ஆகவே சிலிண்டரின் மேல் விளிம்பும் மேல் ரிங்கும்தான் அதிகம் தேயும், கீழே போகப்போகக் குறையும். கழுவாமல் விட்ட பொடி ஒயிலோடு சுற்றும், அது ஒயில் ரிங்கையும், சிலிண்டரின் கீழ்ப் பகுதியையும், பெயாரிங்கையும் தேய்க்கும். ஒயில் பிரஷர் 50 இருப்பதைப் பார்த்தால் எனக்கு முதலாவதில்தான் நம்பிக்கை.

போர் கேஜ் (சிலிண்டர் விட்டத்தை அளக்கும் கருவி) இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம். பழைய மேல் ரிங்கை எடுத்துச் சிலிண்டரின் அடியில், தேயாத இடத்தில் நேராக வைத்து அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். அதையே மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் பிரித்தால் சிலிண்டர் விட்டத்தில் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று வந்துவிடும். அடியில் வைத்தபோதே இடைவெளி அதிகமென்றால் அது ரிங்கின் சொந்தத் தேய்மானம். இந்த எஞ்சினுக்குப் புது ரிங் என்றால் 0.20, 0.30 மில்லிமீற்றர் அளவில் இருக்கும்.

உப்புவெளி மைனர்:

பிரித்தாயிற்று. பிஸ்டன் தலையில் 020 என்று அடித்திருக்கிறது, ஆகவே விற்றவர் பொய் சொல்லவில்லை. 3ஆம், 4ஆம் சிலிண்டர்களின் மேல் விளிம்பில் நகத்தில் தடக்கும்படி படி விழுந்திருக்கிறது, 1, 2இல் அது இல்லை. கீழ்ப் பாதியில் நாலிலும் ஹோன் கோடுகள் இன்னும் குறுக்கும் மறுக்குமாகத் தெரிகின்றன. 4ஆம் சிலிண்டர் மேல் ரிங் இடைவெளி அடியில் 0.55, மேலே 1.10. மூன்றாவதிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒன்றாவதில் அடியில் 0.35, மேலே 0.45. ஒயில் ரிங்குகள் நாலும் நன்றாக இருக்கின்றன. பிக் எண்ட் பெயாரிங்கில் சில புள்ளிகள் பதிந்திருக்கின்றன, ஆனால் செம்பு தெரியவில்லை.

சாம்பல்தீவு லேத்:

0.55ஐ 3.14ஆல் பிரித்தால் 0.175 மில்லிமீற்றர். ஒன்றாவதில் 0.03 தான். தேய்ந்தது மேலே, அதுவும் பின் வாயைப் பங்குபோடும் இரண்டில் மட்டும். லேத் கடைக்காரர் மேல் பழி இல்லை, காக்காவின் சந்தேகத்துக்கும் பதில் வந்துவிட்டது.

கிண்ணியா காக்கா:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹெட் கழற்றி இருக்கும்போதே எக்சோஸ்ட் வால்வ் சீட்டையும் பாருங்கள். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்ற பிறகு இந்த வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் சீட் மெல்ல மெல்லக் குழிந்து வால்வ் உள்ளே இறங்கும். டெப்பட் இடைவெளி 0.012 அங்குலம் வைத்தது தானாகக் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அடையாளம்.

உப்புவெளி மைனர்:

இரண்டாவதில் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது காக்கா. எக்சோஸ்ட் நாலுக்கும் கடினச் சீட் போடச் சொல்லியிருக்கிறேன். இப்போது கேள்வி 030ஆ 040ஆ? 3, 4க்கு மட்டும் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புதுக் குழல்) அடித்து 020லேயே நிற்கலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

சாம்பல்தீவு லேத்:

020இலிருந்து 030க்குப் போவது 0.25 மில்லிமீற்றர், உங்கள் தேய்மானம் 0.175. கணக்கில் போதும், ஆனால் தேய்மானம் சுற்றிவர ஒரே மாதிரி இருக்காது, ஒரு பக்கம் கூட இருக்கும். கடையில் அளந்து 030இல் சுத்தமாகிறது என்றால் அதையே போடுங்கள், இன்னொரு தடவைக்கு 040 மிஞ்சும். இரண்டு சிலிண்டருக்கு ஸ்லீவ் என்பது என் ஆலோசனை இல்லை, இந்த எஞ்சினில் இன்னும் வெட்ட இரும்பு இருக்கும்போது எதற்கு?

சேர்வோவைக் கழற்றிப் புது ரப்பர் கிட் போடுங்கள் அல்லது வேறு ஒன்று பாருங்கள், வால்வ் மூடாத ஒன்றைத் திரும்ப மாட்ட வேண்டாம். இடத்தையும் மாற்றுங்கள். பொனட்டுக்குள் உயரமாக, பில்ட்டரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்யக்கூடிய இடத்தில் இருக்கட்டும். மேனிபோல்டையும் கழற்றி நிப்பிள் துளை, உள்பக்கம் எல்லாம் கழுவுங்கள், அங்கே தங்கியிருக்கும் மணல் முதல் ஸ்டார்ட்டிலேயே புது ரிங்குக்குப் போகும்.

சீனக்குடா டைனமோ:

தெர்மோஸ்டட்! 82 பாகை. மறந்துவிடாதீர்கள். காபரேட்டர் நட்டையும் முதலிலிருந்து டியூன் பண்ண வேண்டும், இனி அந்த ஒழுக்குக் காற்று இல்லை.

அலஸ்தோட்டம் ஆனந்தன்:

சேர்வோ இல்லாமலேயே ஓட்ட முடியாதா? மைனருக்கு அது பிறவியிலேயே இல்லைதானே.

உவர்மலை 404:

டிரம்முக்குத் தேவையில்லை. டிஸ்க் போட்ட பிறகு சேர்வோ இல்லாவிட்டால் பெடல் நன்றாகக் கடினமாக இருக்கும், பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினால் சந்தியில் நிற்காது. வேண்டாம்.

உப்புவெளி மைனர்:

030இல் சுத்தமாகும் என்று அளந்து சொல்லிவிட்டார்கள். சவர்க்காரத் தண்ணீர் வேலையை நானே நின்று செய்யப்போகிறேன். ரன்னிங் இன் (புது ரிங் பழகும் முதல் ஓட்டம்) நேரத்துக்கு எந்த ஒயில்?

உவர்மலை 404:

சிந்தெட்டிக் வேண்டாம், சாதாரண மினரல் 20டபிள்யூ-50. முதல் 500 மைலில் ஒயிலையும் பில்ட்டரையும் மாற்றுங்கள். ஸ்லோவில் நீண்ட நேரம் விடாமல், கந்தளாய்ப் பக்கம் கொண்டுபோய் மிதித்தும் விட்டும் ஓட்டுங்கள், ரிங் பிடிப்பதற்கு அதுதான் நல்லது. காக்கா, இதற்கு மேல் ஒயில் பற்றி எழுதாதீர்கள்.

கிண்ணியா காக்கா:

எழுதவில்லை. ஆனால் அந்தப் பழைய ஒயில் பில்ட்டர் குப்பியை ஒரு தடவை கழுவிப் பாருங்கள் தம்பி.